ஆற்றில் விடப் போன யசோதை

என் மகள் பிறந்த பத்தாம் நாள் காலையில் அழுவதை நிறுத்திவிட்டாள்.

அதுவரைக்கும் அவள் அழுகிறாளே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அழாமல் கிடந்தது அதைவிடப் பெரிய பயமாகிவிட்டது. பசிக்கிற பிள்ளை கத்தும். பசி முற்றிப்போன பிள்ளை கத்தாது. கண்ணைத் திறந்து கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். விரலை வாயில் வைத்தால் ஒரு இழுப்பு இழுக்கும். பிறகு அதையும் விட்டுவிடும்.

நம்ம ஞாயிற்றுக்கிழமை பஜனைக்கு வருகிறவர்களில் சிலருக்கு இதில் பாதி தெரியும். மீதிப் பாதியை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லித் திரிகிறார்கள். "மாரிமுத்து அண்ணே, படத்துல இருந்த அம்மாவே எறங்கி வந்து ஒங்க புள்ளைக்குப் பால் கொடுத்தாளாமே?" என்று போன வாரம் ஒரு தங்கச்சி என்னிடமே கேட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. கடையில் சாமான் சுற்றித் தருகிற காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியவன். பேசுகிற மாதிரிதான் எனக்கு எழுத வரும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அம்மா இறங்கி வரவில்லை. ஆனால் பால் வந்தது.

ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. பதுளைக்கும் ஒரு நாள் ரயில் வரும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே. எனக்குக் கவ்வாத்து வேலை, அதாவது வயசான தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிக் குட்டையாக்கி விடுவது. என் வீட்டுக்காரி செல்லாயி கொழுந்து எடுத்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளையில்லை. எட்டாம் வருஷம், ஐப்பசியில் மழை பிடித்த வாரத்தில், அவளுக்குப் பெண் பிறந்தது.

படத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்லாயி திருச்சிப் பக்கத்திலிருந்து வரும்போது, தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்த படம் அது. கண்ணாடியின் பின்பக்கத்தில் சாயம் தீட்டி எழுதியது. யசோதை அம்மா நல்ல பூசின உடம்போடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் கண்ணன். ஒரு பக்கம் குடித்துக்கொண்டே மறுபக்கத்தைக் கையால் மூடிப் பிடித்திருப்பான், வேறு எவனாவது பங்குக்கு வந்துவிடுவானோ என்கிற மாதிரி. வளையலுக்கும் அட்டிகைக்கும் பின்னால் ஜிகினாத் தாள் ஒட்டியிருக்கும். விளக்கு வைத்தால் மின்னும்.

அந்த ஊர் எழுத்துக்காரர்கள் கண்ணனுக்கு நீலம் பூசுவதில்லை, வெள்ளைதான். ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கிற எங்கள் லயத்தில் அதற்கே கிண்டல். பக்கத்துக் காம்பராப் பேச்சி முதல் தடவை பார்த்தபோது, "என்னடி செல்லாயி, தொரை வீட்டுப் புள்ளையத் தூக்கி வச்சிருக்கா ஒங்க சாமி?" என்றாள். செல்லாயி விடுவாளா? "வெண்ணெய் தின்னு தின்னு வெளுத்துட்டான்டி. நீயும் தின்னு பாரு" என்றாள்.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள் அவள்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், காம்பராவுக்குள் துணி காயப்போட நான் கட்டியிருந்த கொடி ஈரப் பாரம் தாங்காமல் ஆணியோடு பிடுங்கிக்கொண்டது. அதே ஆணியில்தான் படத்தையும் மாட்டியிருந்தேன். படம் பாயில் விழுந்தது. உடைந்து சிதறவில்லை. ஒரு மூலையிலிருந்து கண்ணாடி விரிந்து, அம்மாவின் கை மேலே ஓடிப் போய் நின்றது. ஐந்தாம் நாள் செல்லாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பிறகு பிதற்றல். எட்டாம் நாள் போய்விட்டாள்.

கங்காணி வீட்டம்மா வந்தார்கள். கெட்ட மனசுக்காரி இல்லை. எங்கள் வீட்டுக்கு அரிசி கொடுத்தனுப்பியதும் அவர்கள்தான். படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

"மாரிமுத்து, இதையா வீட்ல வச்சிருக்க? விரிஞ்ச சாமிப் படம் இருக்கிற வீடு வெளங்குமா? தாயைக் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு. அடுத்தது புள்ளைதான். ஓடுற தண்ணியில விட்டுட்டு வந்து தலை முழுகு."

ஆணி அடித்தவன் நான். கொடி கட்டினவன் நான். என் கையால்தான் அவள் போனாள் என்று அந்த நிமிஷத்திலிருந்து நம்பினேன். இந்த நம்பிக்கையோடு ஒரு மனிதன் எப்படி மூச்சு விடுவான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பிள்ளைக்குப் பால் இல்லை. கஞ்சித் தண்ணீரைத் திரியில் நனைத்து வைத்தோம். கங்காணி வீட்டு மாட்டுப் பாலில் தண்ணீர் கலந்து ஊற்றினோம், அத்தனையும் கக்கிவிட்டாள். எங்கள் லயத்தில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள், ராசாத்தி. சின்னப் பெண். அவள் வாசலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ராசாத்தி கையை நீட்டிவிட்டாள். அவளுடைய மாமியார் அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "பொறந்த எட்டாம் நாள் தாயைத் தூக்கின புள்ளைங்க. காய்ச்சல் வீட்டுப் புள்ளை வேற. எங்க புள்ளையும் வாழணும்ல?" என்றாள். நான் கோபப்படவில்லை. அந்த வருஷம் எல்லா லயத்திலும் யாரையாவது புதைத்திருந்தார்கள். பயம் எல்லார் வீட்டிலும் குடியிருந்தது.

பத்தாம் நாள் பிள்ளை அழுவதை நிறுத்தினாள் என்றேனே, அன்றைக்குக் காலையில் பெரட்டில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணியிடம் சொல்லிவிட்டு, பதுளை டாக்டரிடம் காட்டப் புறப்பட்டேன். பேச்சி தன் பழைய சேலையைக் கிழித்துப் பிள்ளையை என் நெஞ்சோடு கட்டிவிட்டாள். அவளும் வேலைக்குப் போக வேண்டியவள். "வழியில பேசிக்கிட்டே போண்ணே. ஒங்க சத்தம் கேட்டா முழிச்சிருப்பா" என்றாள். படத்தையும் எடுத்தேன். தீட்டுக் கையோடுதான் தொட்டேன். கம்பளியில் சுற்றி முதுகில் போட்டுக்கொண்டேன். முன்னால் பிள்ளை, பின்னால் யசோதை. டாக்டரிடம் போகிற வழியில்தான் ஆறு. முதலில் படத்தை விட்டுவிட்டு, பிறகு டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சி சொன்ன மாதிரி பேசிக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரம் பிள்ளையோடு பேசினேன். பிறகு எப்போது அம்மாவோடு பேச ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அதைப் பிரார்த்தனை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சண்டைதான் போட்டேன்.

"நீ பெத்த புள்ளையாம்மா அது? ஊரான் புள்ளைக்குப் பால் கொடுத்தவதானே நீ? அவன் வந்து கேட்டானா? நான் வந்து கேக்குறேன், ஒனக்குக் காது கேக்கலையா? ஒரு வாய். ஒரே ஒரு வாய் கொடு. இல்லாட்டி ஒன்னைத் தண்ணியில விட்டுட்டு நான் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பேன்."

மழை கொட்டியது. ரோட்டில் எதிரே வந்த வண்டிக்காரன் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனான். பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

பதுளைக்குள் நுழைகிற இடத்தில், ஆற்றோரமாக ஒரு நானா கடை இருந்தது. முஸ்லிம் வியாபாரிகளை எங்கள் பக்கத்தில் எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அரிசி, கருவாடு, துணிமணி எல்லாம் வைத்த கடை. பின்னால் வீடு. கடைக்கு முன்னே சின்னத் தாழ்வாரம். அதிலிருந்து பத்து எட்டு இறங்கினால் ஆறு. கரை வழுக்கலாக இருந்தது. நெஞ்சில் பிள்ளையோடு இறங்கப் பயந்தேன். தாழ்வாரத்தில் நனையாத இடமாகப் பார்த்து, சேலையை அவிழ்த்துப் பிள்ளையை அதில் படுக்க வைத்தேன். "இந்தா வந்துர்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, கம்பளி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்க்க இறங்கினேன்.

வீட்டுக்குள்ளேயிருந்து ஒரு பெண் குரல். அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை.

"ஐயோ, புள்ளையப் போட்டுட்டு ஆத்துல குதிக்கப் போறான்! இஞ்ச பாருங்களே! ஓடுங்க, ஓடிப் போய்ப் புடிங்க!"

திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு ஆள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயிருந்து பாய்ந்து வந்தார். வழியில் ஒரு தரம் வழுக்கி விழுந்து, எழுந்து, என் தோளைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"என்ன வேலை பார்க்கிறீங்க ஐயா! உசிரு என்ன கச்சான் கடலைக் கோதா, வீசிட்டுப் போறதுக்கு? அந்தப் புள்ளை என்ன பாவம் செஞ்சிச்சு?"

"நான் குதிக்க வரல நானா. சாமியைத் தண்ணியில விட வந்தேன்."

"யாரை?"

மூட்டையைத் திறந்து காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். "இதுக்கா நான் விழுந்து எழும்பி ஓடி வந்தேன்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "மழையில நின்டு பேச ஏலாது. மேல வாங்க."

மேலே வந்தோம். தாழ்வாரத்தில் பேச்சியின் சேலைத் துண்டு மட்டும் கிடந்தது. பிள்ளை இல்லை.

"என் புள்ளை எங்க?" என்று கத்தினேன்.

வீட்டு வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து அதே குரல் வந்தது. இந்தத் தடவை மெதுவாக.

"சத்தம் போடாதீங்க. புள்ளை குடிக்கிது."

அவ்வளவுதான். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டம்மாவுக்கு மூன்று மாதத்து ஆண் பிள்ளை இருந்ததாம். திரையை விலக்கிக் கையை நீட்டிப் பிள்ளையை எடுத்தவர்கள், அது வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். யாரையும் கேட்கவில்லை. அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. குரலைத்தான் தெரியும்.

நானா எனக்குத் தேநீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, கொடி, காய்ச்சல், கங்காணி வீட்டம்மா சொன்னது, ராசாத்தி வாசல், எல்லாம். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படத்தைத் திரை இடுக்கு வழியாக அந்த அம்மா பார்த்திருக்க வேண்டும்.

"அந்தப் படத்துல இருக்கிற பொம்பள யாரு?"

"யசோதைங்க. கண்ணனுக்குத் தாய்."

"பெத்த தாயா?"

"இல்லீங்க. பெத்தவங்க வேற. இவங்க பால் கொடுத்து வளர்த்தவங்க."

"அப்ப ஏன் அவவ ஆத்துல போடப் போனீங்க?" என்று கேட்டார்கள்.

நான் படத்தைத் திரும்பக் கம்பளியில் சுற்றினேன்.

இனி நான் சொல்லப் போவதை நன்றாகக் கேளுங்கள். பிள்ளை குடித்து முடித்துத் தூங்கிவிட்டது. நானா உள்ளே போய் ஏதோ பேசினார். வெளியே வந்து என் எதிரே பலகையில் உட்கார்ந்தார். நாளைக்கு வராதே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மாரிமுத்து, எங்கட மார்க்கத்துல ஒரு சட்டம் இருக்கு. ஒரு புள்ளை ஒரு தாய்க்கிட்ட அஞ்சு வேளை வயிறு நிறையக் குடிச்சா, அது அந்தத் தாய்க்குப் புள்ளை. எங்கட மகனுக்கு இவ தங்கச்சி ஆயிருவா. நாளைக்கு நீங்களும் மாத்த ஏலாது, நாங்களும் மாத்த ஏலாது. இப்ப ஒரு வேளை ஆச்சு. மிச்சத்தையும் குடுக்கிறதுன்டா ஒங்கட சம்மதம் வேணும்."

திரைக்குப் பின்னாலிருந்து, "அவருக்கிட்ட என்ன கேள்வி? புள்ளை எழும்பினா நான் குடுக்கத்தான் போறேன்" என்று குரல் வந்தது.

"நீ சும்மா இரு. பெத்த வாப்பாக்கிட்டக் கேக்கணுமா இல்லையா?"

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நான் வழியெல்லாம் சண்டை போட்டுக் கேட்டது ஒரே ஒரு வாய். இவர்கள் என் மகளைத் தங்கள் மகளாக்கிக்கொள்ள என்னிடம் அனுமதி கேட்கிறார்கள். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். நானா பதறிப்போய் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். "என்னைக் கும்பிடக் கூடாது. மேல பார்த்துக் கும்பிடுங்க" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் டாக்டரிடமும் காட்டினோம். பால் கிடைத்துவிட்டதல்லவா, அதுதான் மருந்து என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் ஐந்தாம் வேளை முடிந்தது. நான் தாழ்வாரத்தில் இருந்தேன். உள்ளேயிருந்து பிள்ளை வீரிட்டு அழுதாள். தொண்டை கிழிய, கோபமாக, அவள் அம்மா செல்லாயி கத்துகிற மாதிரியே. நானா சிரித்துக்கொண்டே வந்து என் உள்ளங்கையில் கற்கண்டு வைத்தார். "எங்களுக்கு ஒரு மகள் பொறந்திருக்கா. வாயைத் திறங்க" என்றார்.

பதினொரு மாதம் என் மகள் அந்த வீட்டில் வளர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இறங்கிப் போய்ப் பார்ப்பேன். படமும் அங்கேதான் இருந்தது. "வூட்டுக்குள்ள உருவப்படம் வைக்க ஏலாது. மழையில விடவும் மனசு கேக்கல்ல" என்று நானா அதைக் கடையில் ரங்கூன் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார். ஆயர்பாடியில் வெண்ணெய்ப் பானைக்கு நடுவே இருந்தவள், பதுளையில் அரிசி மூட்டைக்கு நடுவே பதினொரு மாதம் இருந்தாள். மூட்டை நகர்த்துகிற ஆட்களிடம், "பார்த்து, பார்த்து, பின்னால மாரிமுத்துட சாமி இருக்கு" என்று அவர் சத்தம் போடுவதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பிள்ளை சோறு சாப்பிடப் பழகியதும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். யசோதா என்று பேர் வைத்தேன். லயத்தில் பேச்சு வராமல் இருக்குமா? "துலுக்க வீட்டுப் பால் குடிச்ச புள்ளையா இது?" என்று கங்காணி வீட்டம்மா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் எல்லாரும் கேட்கச் சொன்னார்கள். நான் வாய் திறக்குமுன் பேச்சி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஆமாங்கம்மா. கன்னத்தைப் பாருங்க, எப்படி உப்பியிருக்குன்னு. நம்ம லயத்துப் பாலைக் கேட்டப்ப கதவைச் சாத்திட்டோம், வேற என்ன செய்யும் புள்ளை?" என்றாள்.

அந்தக் கார்த்திகையில் கீழ் லயத்தில் ஒருத்திக்குப் பிரசவம். பிள்ளை பெற்றவுடன் அவளுக்கும் காய்ச்சல். நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். யாரும் கூப்பிடாமலே ராசாத்தி வந்தாள். பின்னால் மாமியார் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ராசாத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். வெளியே வரும்போது என்னிடம், "அன்னைக்கு நான் கையை எடுத்துட்டேன் அண்ணே. ஒரு வருஷமா அந்தக் கை எனக்குத் தூக்கமே தரல" என்றாள். அந்தத் தாயும் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது.

அன்பானவர்களே, யசோதை அம்மா எங்களைக் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துத்தான் அவளை ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவளைத் தூக்கிக்கொண்டு போகாவிட்டால் நான் பிள்ளையைக் கீழே வைத்திருக்க மாட்டேன். கீழே வைக்காவிட்டால் அந்தத் திரை விலகியிருக்காது. என் கோபத்தையும் என் மூட நம்பிக்கையையும்கூட அவள் பாதையாக்கிக்கொண்டாள். ஆணி அடித்த கை என்று என் கையை நான் வெறுத்திருந்தேன். அந்தக் கையில் கற்கண்டு வைத்து என்னை மனிதனாக்கிவிட்டாள். விரிந்த கண்ணாடியை நான் மாற்றவில்லை. உங்களில் யாராவது மனம் ஒடிந்து, சாமி கைவிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால், சண்டையாவது போடுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பதில் நாம் தட்டாத கதவிலிருந்து வரும். நம்மைவிட வேறு மாதிரி கும்பிடுகிறவர்கள் வீட்டிலிருந்தும் வரும்.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது. என் மகள் யசோதாவுக்குக் கல்யாணமாகி, போன மாதம் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. அவளுக்குப் பால் கொடுத்த பதுளை உம்மா திரை போட்ட வண்டியில் வந்து பிள்ளையை மடியில் வைத்திருந்துவிட்டுப் போனார்கள். தாயும் பிள்ளையும் சுகம். பால் நிறைய இருக்கிறது என்று என் மகள் சொல்லச் சொன்னாள். ஆகவே, எந்தத் தோட்டத்திலாவது, எந்த லயத்திலாவது, பாலில்லாமல் ஒரு பிள்ளை கிடந்தால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். எங்களுடையது மூன்றாம் லயம், கடைசிக் காம்பரா. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டோம். தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள்.